ஹில்டா இறக்கிய சுருதி

ஆலையில் ஜெயசுந்தரியை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முன்னால் வந்தால் 'மேடம்', முதுகைத் திருப்பினால் 'ரிஜெக்ட் அம்மா'. அது அவளுக்கும் தெரியும். தெரிந்து, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஏ.எஸ்.ராவ் நகர்ப் பக்கம் இருந்த அரசாங்க ஆலையில், டிவி பெட்டிக்குள் போகிற தகடுகளைச் சோதித்து அனுப்புவது அவள் வேலை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஈயம் வைத்துப் பற்றவைப்பார்கள். ஒவ்வொரு தகடும் கடைசியில் இவள் மேசைக்கு வரும். பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்து, சரியில்லை என்றால் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டித் திருப்பிவிடுவாள். மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே ஒட்டியிருக்காது. அந்த மாதிரிப் பற்றவைப்பைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது.

சீட்டு கட்டுவதோடு விடமாட்டாள். பற்றவைத்த பெண்ணை வரச்சொல்லி, கண்ணாடி வழியாக அவளையே பார்க்க வைப்பாள். அதற்கு ஒரு சட்டமும் வைத்திருந்தாள். வருகிற பெண் 'கைக்கு?' என்று கேட்கக் கூடாது. அந்த ஊர் உருதுவில் 'ஏன்' என்பதற்கு அதுதான் வார்த்தை. 'கஹாங்?', அதாவது 'எங்கே?' என்று மட்டும் கேட்கலாம். ஏன் என்று கேட்கிறவள் சண்டைக்கு வருகிறாள், எங்கே என்று கேட்கிறவள் வேலைக்கு வருகிறாள் என்பது ஜெயசுந்தரியின் வேதம். நல்ல வேதம்தான், சும்மா சொல்லக் கூடாது. அந்த வரிசையில் இருந்து போன பெட்டிகள் திரும்பி வந்தது குறைவு.

ஆனால் ஆலை வாசலைத் தாண்டி பஸ் ஏறிவிட்டால் அந்த வேதம் அம்மாவுக்கு மறந்துபோகும். ஊருக்குத்தானே உபதேசம்! வீட்டில் குழம்பில் உப்பு தூக்கல் என்று புருஷன் ஸ்டான்லி ஒரு தடவை சொன்னார், கல்யாணமான புதிதில். அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டதில், அதற்கப்புறம் எதை வைத்தாலும் 'பிரமாதம்' என்று சொல்லிச் சாப்பிடக் கற்றுக்கொண்டார். ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா, சாது மனுஷன். பிள்ளைகள் இரண்டும் அம்மா தமிழில் திட்டினால் தெலுங்கில் முணுமுணுத்துவிட்டு ஓடிவிடும்.

அவளுக்கு ஆலை ஒரு ராஜ்ஜியம் என்றால், மெட்டுகூடா தமிழ்க் கிறிஸ்தவ சபையின் பெண்கள் பாடகர் குழு இன்னொன்று. தாத்தா காலத்தில் தெற்குச் சீமை நாசரேத்தில் இருந்து பட்டாளத்தோடு வந்து தங்கிவிட்ட குடும்பம். ஏழு வயதில் இருந்து கோயிலில் பாடுகிறாள். குழுவை அவள்தான் ஆரம்பித்தாள், அவள்தான் நடத்தினாள், முதல் குரலில் உச்சத்தில் நின்று அவள்தான் பாடினாள். ஒரு காலத்தில் அந்தக் குரலைக் கேட்க வெளியே மரத்தடியில் ரிக்‌ஷாக்காரர்கள் வண்டியை நிறுத்துவார்கள். அது உண்மை, மிகை இல்லை.

அந்த ஒரு காலம் போய்விட்டது என்பதுதான் அவளுக்கு யாரும் சொல்லாத செய்தி.

வருஷா வருஷம் நவம்பரில் இரட்டை நகரத்துத் தமிழ்ச் சபைகளுக்குள் பாட்டுப் போட்டி நடக்கும். அதில் ஒரு பொல்லாத வழக்கம் உண்டு. தொடங்கும்போது போட்டி நடத்துகிறவர்களின் ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தி, பாட்டுப் புத்தகத்தில் உள்ளபடி சுருதி கொடுப்பார்கள். அதன்பின் வாத்தியம் கிடையாது, வெறும் குரல்தான். பாட்டு முடிந்த கையோடு அதே கட்டையை மறுபடி அழுத்துவார்கள். குழு சுருதியில் நின்றிருந்தால் இரண்டும் ஒன்றாக இருக்கும். இறங்கியிருந்தால், ஐயோ, சபை முழுக்கக் கேட்கும். மெட்டுகூடா குழு பல வருஷமாக இறங்கிக்கொண்டுதான் இருந்தது. போலாரம் சபையில் இருந்து வந்தவர்கள் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள்.

ஜெயசுந்தரியிடம் கேட்டால் காரணம் தயாராக இருக்கும். ஒரு வருஷம் குழுவில் பாடுகிற டோரிசுக்கு ஜலதோஷம். ஒரு வருஷம் மின்விசிறிச் சத்தம். நடுவராக வருகிறவர் கல்பகம் டீச்சர், காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் வீணை சொல்லிக்கொடுப்பவர். குறைகளை மேடையில் நின்று அமைதியாக வாசிப்பார். போன வருஷம் அவர் "மேல் ஸ்தாயியில் சுருதி நிற்கவில்லை" என்று வாசித்ததும் ஜெயசுந்தரி எழுந்தே நின்றுவிட்டாள். ஆர்மோனியத்தை வெயிலில் வைத்திருந்தார்கள், நாங்கள் பாடுகிற நேரத்துக்குள் அது ஏறிப்போய்விட்டது, எங்கள் பாட்டைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று ஒரு பிடி பிடித்தாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவள் ஆர்மோனியம் வளர்ந்துவிட்டது என்றாள். டீச்சர் காகிதத்தை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்டான்லிக்கு பெஞ்சுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது.

அந்தக் கூத்துக்குப் பிறகு சபைக் கமிட்டி கூடி ஒரு முடிவெடுத்தது. காரியதரிசி கிதியோன் வீட்டுக்கே வந்து, தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார். இந்த வருஷமும் இதே கதியானால் பெண்கள் குழுவைக் கலைத்துவிட்டு, மாலை ஆராதனையை கிட்டார் வாசிக்கிற வாலிபர்களிடம் கொடுத்துவிடுவார்களாம். அவர்கள் பாடுவது முழுக்க இங்கிலீஷ். பிறகு அந்தக் கோயிலில் தமிழ்ப் பாட்டு கிறிஸ்துமசுக்கும் கல்யாணத்துக்கும்தான். கைவிட்டுப் போகப் போவது என்னவென்று ஜெயசுந்தரிக்கு விளங்கியது. ஆனால் வாய் விடுமா? போய் உங்கள் கமிட்டியை நாலு வரி பாடச் சொல்லுங்கள் என்று அனுப்பிவைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் எலிசபெத் வந்து சேர்ந்தாள். பாளையங்கோட்டைக்காரி. காஞ்சன்பாக் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை கிடைத்த புருஷனோடு புதிதாக வந்தவள், இரண்டு பஸ் மாறிப் பயிற்சிக்கு வருவாள். குரல் கண்ணாடி மாதிரி இருந்தது. சில வாரம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, ஒரு நாள் பயிற்சி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு மெதுவாகப் பக்கத்தில் வந்தாள்.

"யக்கா, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதிய. மேல போகும்போது உங்க குரல் எட்டாம கீழ நிக்கி. நீங்க சத்தமாப் பாடுதிய, அதனால எல்லாரும் உங்களைப் பிடிச்சுக்கிட்டே இறங்குதாவ."

ஜெயசுந்தரிக்கு மூக்கு நுனி சிவந்தது. நீ பிறக்கும் முன்னே இந்தக் கோயிலில் பாடியவள் நான், நேற்று வந்த உனக்கு வாய் இவ்வளவு நீளமா, பாளையங்கோட்டையில் இதுதான் மரியாதையா என்று பொரிந்து தள்ளினாள். எலிசபெத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். அடுத்த வாரம் பயிற்சிக்கு வரவில்லை. ஆர்கன் வாசிக்கிற ஹில்டா வாசலில் நின்று எல்லாம் கேட்டிருந்தாள்; ஏனோ அந்தப் பயிற்சி முழுக்க அவள் ஜெயசுந்தரியின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

இது நடந்து சில நாள் கழித்து ஆலையில் யாதம்மா என்ற பெண்ணின் தகட்டுக்கு ஜெயசுந்தரி சீட்டு கட்டினாள். யாதம்மா வேலையில் கெட்டிக்காரிதான், ஆனால் அன்றைக்கு என்ன கோபமோ, வந்ததும் வராததுமாக 'கைக்கு?' என்றாள். பற்றவைக்கிற கோல் சரியாகச் சூடாகவில்லை என்றாள். வெளிச்சம் போதவில்லை என்றாள். பக்கத்து சீட்டுக்காரி மேசையை ஆட்டுகிறாள் என்றாள். இத்தனை வருஷமாகச் செய்கிறேன், எனக்குத் தெரியாதா என்றாள். ஜெயசுந்தரி வழக்கமான பிரசங்கத்தை ஆரம்பித்தாள்: தப்பு தகட்டில் இருக்கிறது, உன் மேல் இல்லை, முதலில் எங்கே என்று கேள், பார், பார்த்த பிறகு பேசு, மேசை ஆடுகிறது விளக்கு சரியில்லை என்று...

அங்கே நாக்கு நின்றுவிட்டது. விளக்கு சரியில்லை. மின்விசிறி சத்தம். ஆர்மோனியம் வெயிலில் இருந்தது. வாய் அவளுடையது, ஆனால் பிரசங்கம் யாருக்கு என்று அப்போதுதான் விளங்கியது. காது மடல் வரைக்கும் சூடு ஏறியது. யாதம்மா பயந்துபோய், தானாகவே கண்ணாடிக்குக் குனிந்து 'கஹாங் மேடம்?' என்று கேட்டாள். ஜெயசுந்தரி விரலால் இடத்தைக் காட்டிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போய் வெகுநேரம் வரவில்லை.

சனிக்கிழமை அரை நாள் முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. காஞ்சன்பாக் பஸ் ஏறினாள். பட்டணத்தின் ஒரு கோடியில் இருந்து மறு கோடி. வழியெல்லாம் மனதுக்குள் ஒரு வக்கீல் வாதாடிக்கொண்டே வந்தான்: அவள் சின்னப் பெண், நீ மூத்தவள், போகாதே, இறங்கித் திரும்பு. பாதி வழியில், சந்திராயண்குட்டா ஸ்டாப்பில் நிஜமாகவே இறங்கியும்விட்டாள். அடுத்த பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள்.

எலிசபெத் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் ஈரத் துண்டோடு அப்படியே நின்றாள், இரண்டாவது தவணைத் திட்டு வாங்கப் போகிறோம் என்ற பயம். ஜெயசுந்தரி படி ஏறியதும் ஏறாததுமாக, மூச்சு வாங்க, ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்.

"எங்கே?"

எலிசபெத் உட்கார வைத்தாள், காப்பி போட்டாள், அப்புறம் பாடச் சொன்னாள். இடம் வந்ததும் விரலைத் தூக்கினாள். ஜெயசுந்தரி மறுபடி பாடினாள், மறுபடி அதே இடத்தில் விரல். மூன்றாவது தடவை விரல் தேவைப்படவில்லை, காது திறந்துகொண்டது. குரல் அந்தப் படிக்கு ஏறாமல் கீழ்ப் படியிலேயே முட்டிக்கொண்டு நிற்பது அவளுக்கே கேட்டது. இத்தனை வருஷமாக இது எப்படித் தெரியாமல் போயிற்று என்றாள். எலிசபெத் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: கோயிலில் உங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது அக்கா, ஹில்டா அக்கா ஆர்கனை எங்கள் ஊரில் வாசிப்பதைவிட ரொம்பக் கீழே வைத்து வாசிக்கிறாள், போட்டியில்தான் புத்தகச் சுருதி.

ஜெயசுந்தரி அழுதாள். முந்தானையால் மூடாமல், வேற்று வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, வெட்கம் பார்க்காமல் அழுதாள். குரல் போய்விட்டதே என்ற துக்கம் அவளுக்கு. அதை யாரோடு பகிர முடியும்? எலிசபெத் அவளை அழ விட்டாள். பிறகு, அடக்க முடியாதவள் போலச் சொன்னாள்.

"குரல் எங்கயும் போகலக்கா. கீழ இறங்கியிருக்கு, அவ்வளவுதான். நீங்க கீழ பாடும்போது எனக்குப் புல்லரிக்கி. இரண்டாம் குரல்ல நில்லுங்க."

இரண்டாம் குரல்! முதல் குரலில் இடம் கிடைக்காதவர்களை நிறுத்துகிற வரிசை என்று ஜெயசுந்தரி இத்தனை நாளும் நினைத்திருந்த இடம் அது. வாய்க்கு வந்த பதிலை விழுங்கினாள்.  சரி, பாடிப் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

அடுத்த பயிற்சிக்கு வந்ததும் முதல் வேலையாக ஹில்டாவிடம் போனாள். எவ்வளவு இறக்கியிருக்கிறாய் என்று கேட்டாள். ஹில்டா ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டாள். முதலில் அரைக் கட்டைதானாம். ஜெயசுந்தரி ஒரு நாள் தொண்டையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்து, பாவம் என்று இறக்கினாளாம். அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். சொன்னால் நீ கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவாய், உன் சிநேகிதம் போனால் எனக்கு இந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று ஹில்டா அழுதாள். ஒருத்தியின் கோபத்துக்குப் பயந்து ஒரு கோயிலே கீழிறங்கிப் பாடியிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். ஜெயசுந்தரிக்கு ஹில்டாவின் மேல் கோபம் வரவில்லை. அவளை இப்படிப் பொய் வாசிக்க வைத்தது தன் வாய்தான் என்று நினைக்க நினைக்கத்தான் ஆறவில்லை.

குழுவுக்கு முன்னால் நின்று விஷயத்தைச் சொன்னாள். ஆலைச் சட்டத்தையும் சொன்னாள். என்னிடம் என்ன குறை இருந்தாலும் இப்போதே சொல்லுங்கள், எங்கே என்பதைத் தவிர நான் வாயைத் திறந்தால் ஹில்டா ஆர்கனை அழுத்தட்டும் என்றாள். முதலில் ஒருத்தியை ஒருத்தி முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். கடைசியில் டோரிஸ், நீங்கள் கை தூக்கும்போது முகத்தைச் சுளிக்கிறீர்கள், எங்களுக்குப் பாட்டே மறந்துபோகிறது என்றாள். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. மூச்சு எடுக்க இடம் கொடுப்பதில்லை என்றாள் ஒருத்தி. தப்பு செய்தவளைப் பேர் சொல்லித் திட்டுகிறீர்கள் என்றாள் இன்னொருத்தி. இரண்டு தரம் ஆர்கன் அலறியது. ஜெயசுந்தரி பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் எங்கே, எந்த இடத்தில் என்று கேட்டாள். பாட்டுகளை அளவுக்கு மீறிக் கஷ்டமாகத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று ஒருத்தி சொன்னதற்கும் எங்கே என்று கேட்டாள், அந்த இடங்களை நிதானமாகப் பாடிப் பார்த்தார்கள், கஷ்டம் இல்லை, பழக்கம்தான் போதவில்லை என்று சொன்னவளே ஒத்துக்கொண்டாள். எல்லாச் சொல்லும் சரியாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்? கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அன்றைக்கு ஹில்டா சுருதியைப் புத்தகத்தில் உள்ள இடத்துக்கு ஏற்றினாள். எலிசபெத் முதல் குரலில் முன்னே நின்றாள். ஜெயசுந்தரி ஓரமாக நகர்ந்து, இரண்டாம் குரல் வரிசையில் நின்று கையை உயர்த்தினாள். முதல் சில வாரம் அவளுக்கு நரகம். பழைய இடத்துக்குப் பாய குரல் தானாகத் துடிக்கும், அடக்குவாள். பிறகு ஒரு நாள், கீழே தன் குரல் விரிந்து நிற்க, அதன் மேல் எலிசபெத்தின் குரல் ஏறி உட்கார்ந்தது. இரண்டும் சேர்ந்த இடத்தில் கோயில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. டோரிஸ் பாடுவதை நிறுத்திவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அடி அம்மா, இதுவா என் குரல் என்று ஜெயசுந்தரிக்கே ஆச்சரியம். அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஸ்டான்லியிடம், குழம்பு எப்படி என்று நிஜமாகச் சொல்லுங்கள் என்றாள். அவர் இன்னொரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, புளி அதிகம் என்றார். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை.

நவம்பர் வந்தது. போட்டி நடந்த மண்டபத்தில் உட்கார இடமில்லை. மெட்டுகூடாவின் பேர் வாசிக்கப்பட்டதும் போலாரம் பக்கத்தில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. கிதியோன் பின் வரிசையில் உட்கார்ந்து கிட்டார் பையன்களோடு குசுகுசுத்துக்கொண்டிருந்தார். ஜெயசுந்தரி ஓரத்தில் போய் நிற்பதைப் பார்த்து அவருக்கே புரியவில்லை. ஆர்மோனியம் சுருதி கொடுத்தது. முதலில் பாமாலை, அதன் பின்னால் கீர்த்தனை. எலிசபெத்தின் குரல் மேலே போகப் போக, யாரும் தொங்கவில்லை, யாரும் இழுக்கவில்லை. கீழே இருந்து ஜெயசுந்தரியின் குரல் அவர்களைத் தாங்கிப் பிடித்தது. கடைசிச் சரணம் முடிந்ததும் போலாரத்துக்காரர்கள் கைக்குட்டையை வாய்க்குக் கொண்டுபோனார்கள். ஆர்மோனியக்காரர் கட்டையை அழுத்தினார்.

ஒட்டிக்கொண்டு நின்றது! ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை. ஆர்மோனியக்காரருக்கே சந்தேகம் வந்து மறுபடி அழுத்திப் பார்த்தார். கைக்குட்டைகள் மடிக்குப் போய்விட்டன. போலாரத்துக்காரர்கள்தான் முதலில் கை தட்டினார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். பின் வரிசையில் கிதியோன் எழுந்து நின்று தட்டினார். ஸ்டான்லி பெஞ்சு மேலேயே ஏறிவிட்டார், சாது மனுஷன்.

முதல் பரிசு மெட்டுகூடாவுக்கு என்று அறிவித்த பிறகு கல்பகம் டீச்சர் குறிப்பு வாசிக்க எழுந்தார். சுருதி சுத்தம், இரண்டாம் குரல் அபாரம் என்று வாசித்தார். அடுத்த வரிக்குக் கண் போனது; அங்கேயே நின்றது. பிறகு ஜெயசுந்தரி பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, காகிதத்தை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். போன வருஷத்து வசவை அவர் மறந்திருக்கவில்லை.

ஜெயசுந்தரி கோப்பையை வாங்கினாள். குழுப் பெண்கள் ஓடி வந்து அவளைத் தூக்காத குறையாகச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் அவர்களை விலக்கிக்கொண்டு நேராக நடுவர் மேசைக்குப் போனாள். டீச்சர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார்.

"டீச்சர், நீங்க ஒரு வரியை வாசிக்காம விட்டீங்க. அதைச் சொல்லுங்க."

கல்பகம் டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இன்றைக்கு எதற்கு அது, சந்தோஷமாகப் போங்கள் என்றார். ஜெயசுந்தரி நகரவில்லை. பின்னால் நின்ற ஹில்டா குறுக்கே போகப் பார்த்தாள். எலிசபெத் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசிச் சரணத்துல தாளத்தைப் பிடிக்காம கொஞ்சம் ஓடிட்டேள். மத்தவா எல்லாரும் உங்க பின்னாடி ஓடி வந்தா."

ஜெயசுந்தரி வாயைத் திறந்தாள். மண்டபத்தின் புழுக்கம், காலை ஐந்து மணிக்கே எழுந்தது, முன் வரிசையில் அழுத குழந்தை, எல்லாம் நாக்கு நுனிக்கு வந்து வரிசையில் நின்றன. அத்தனையையும் உள்ளே அனுப்பிவிட்டு, கோப்பையை இடுப்பில் குடம் மாதிரி இடுக்கிக்கொண்டு, கூரை அதிரச் சிரித்தாள்.

"ஆமா டீச்சர், ஓடிட்டேன். ஜெயிக்கப் போறோம்னு தெரிஞ்சுபோச்சு, காலு நிக்கல."